முதல்களைச் சேர்க்கும் அப்பா

என் வீட்டுச் சமையலறைத் தொட்டியில் மரீசா பால் புட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஆறு புட்டி, ஆறு மூடி, ஆறு ரப்பர் காம்பு. அன்று கழுவ வேண்டிய முறை அவள் கணவன் பிரென்ட்டுடையது. அவன் எங்கே என்கிறீர்களா? கூடத்தில் உட்கார்ந்து, ஒன்பது மாத மகன் ஆர்லோவுக்குக் கூடைப்பந்து அணியின் பச்சைச் சட்டையை மாட்டிவிட்டு, பதினேழாவது படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

இவன்தான் நான் உங்களுக்கு அறிமுகம் செய்ய விரும்பும் இனம்: முதல்களைச் சேர்க்கும் அப்பா. என் சொந்தத் தம்பி என்பதால் இந்த இனத்தை மிக அருகிலிருந்து கவனிக்கும் பேறு எனக்கு வாய்த்திருக்கிறது. ஊரில் சிலர் தபால்தலை சேர்க்கிறார்கள். இவர்கள் பிள்ளையின் முதல்களைச் சேர்க்கிறார்கள். முதல் ஏரி, முதல் பனிமனிதன், முதல் எலுமிச்சைத் துண்டு, அதைக் கடித்து முகம் கோணியது மூன்று கோணங்களில். பிள்ளைக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

"ஞாபகம் இருக்காதுக்கா. ஆனா உள்ளுக்குள்ள பதியும்."

எங்கே பதியும் என்று நான் கேட்கவில்லை. அன்று காலை என் சோபாவில் என்ன பதிந்தது என்று எனக்குத் தெரியும்.

சொந்த ஊரில் இந்த இனம் ஓரளவு அடங்கியே கிடக்கும். பயணம் கிளம்பினால்தான் ஆபத்து. அவர்கள் இருக்கும் டலூத்தில் பனி உண்டு, ஏரி உண்டு, பெரிய கூடைப்பந்து அணி கிடையாது. எங்கள் மில்வாக்கியில் உண்டு. "அக்காவ பாக்க வர்றோம்" என்று ஏழு மணி நேரம் காரோட்டி வந்தவன், சனிக்கிழமை பன்னிரண்டரை மணி ஆட்டத்துக்கு டிக்கெட்டை எப்போதோ வாங்கி வைத்திருந்தான். அக்கா என்பவள் அந்த ஆட்டத்துக்கு ஒரு தங்கும் விடுதி.

இந்த இனத்தின் இன்னொரு குணம், தாராளம். மரீசா நர்ஸ். பிள்ளை பிறந்த பிறகு வேலைக்குப் போகவில்லை. திங்கட்கிழமை மறுபடி சேர்கிறாள், பன்னிரண்டு மணி நேர வேலை. ஒன்பது மாதமாக அவள் தொடர்ந்து மூன்று மணி நேரம் தூங்கியதில்லை. அந்த மூன்று மணி நேரத்தைத்தான் பிரென்ட் அவளுக்குப் பரிசாக அறிவித்தான்.

"நீ கதவ சாத்திட்டு தூங்கு. நானும் அக்காவும் பாத்துக்கறோம். ஒரு போன் வராது."

மரீசா அந்த நிமிஷமே மாடியேறினாள். ஈரக் கையைக்கூடத் துடைக்கவில்லை.

ஆட்ட அரங்க வாசலில் காவலர்கள் பிரென்ட்டின் பையைத் திறந்தார்கள். உள்ளே இரண்டு தொப்பி, அணிக்கொடி, காமிராத் தாங்கி, கூச்சல் கேட்காமலிருக்கக் குழந்தையின் தலையைவிடப் பெரிய காதடைப்பான், முதல்களை எழுதும் தோலட்டை நோட்டு, அதற்கென்றே ஒரு பேனா, எல்லாம் இருந்தன. டயப்பர் மட்டும் ஒன்றே ஒன்று.

இருக்கையில் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை, போனை எடுத்தான்.

"மரீசா? தூங்கிட்டியா?"

தூங்குகிறவளிடம் தூங்கிவிட்டாயா என்று கேட்கத் தனித் துணிச்சல் வேண்டும். துடைக்கும் ஈரத்தாள் எந்தப் பையில் என்று அவனுக்குத் தெரியவேண்டியிருந்தது. எந்தப் பையிலும் இல்லை. பத்து நிமிஷம் கழித்துப் பால் சூடு பற்றி ஒரு சந்தேகம். "ஏண்டா, என்னக் கேக்கக் கூடாதா? ரெண்டு பெத்தவடா நான்" என்றேன். "உன் காலம் வேறக்கா" என்றான். என் காலத்தில் பால் வேறு விதமாகச் சூடானது போலிருக்கிறது.

மூன்றாவது போன்தான் பெரியது. இடைவேளையில் இங்கே குழந்தைகளின் தவழும் பந்தயம் உண்டு. ஆட்டக்களத்தின் நடுவே பாய் விரிப்பார்கள். பெற்றவர்களில் ஒருவர் இந்த முனையில் குழந்தையை இறக்கிவிட, மற்றவர் அந்த முனையில் மண்டியிட்டு, சாவிக்கொத்தை ஆட்டி, நாயைப் போல் குரைத்து, எப்படியாவது பிள்ளையை வரவழைக்க வேண்டும். பிரென்ட் இரண்டு வாரத்துக்கு முன்பே டலூத்திலிருந்து பெயர் கொடுத்திருந்தான். இரண்டு பேர் வேண்டும் என்பது அவன் கணக்கில் வரவே இல்லை. நான் இருக்கிறேனே என்றேன்.

"உன்ன பாத்தா அவன் அழுவான்க்கா. பாதியில திரும்பிடுவான்."

உண்மைதான். முந்தைய நாள் மாலையிலிருந்து என்னைப் பார்த்து அழுதுகொண்டுதான் இருந்தான். பிரென்ட் போனில் கெஞ்சினான். "பத்தே நிமிஷம், மரீசா. டாக்ஸி பிடிச்சு வா. வாழ்க்கையில ஒரே ஒரு முதல் பந்தயம்தானே!"

மரீசா வந்தாள். கன்னத்தில் தலையணை மடிப்பு, காலில் என் கணவரின் செருப்பு. நானறிந்த வரை அவள் தூங்கியது இருபது நிமிஷம், அதுவும் மூன்று துண்டாக.

விசில் ஊதினார்கள். ஆறு குழந்தைகள். ஒன்று எதிர்த்திசையில் போனது, ஒன்று பக்கத்துக் குழந்தையின் காலுறையைத் தின்றது, ஒரு சின்னப் பெண் மட்டும் யாருக்கோ கடன்பட்டவள் போல விடுவிடுவென்று தவழ்ந்தாள். ஆர்லோ? மணி ஒன்றரை. தினமும் அவன் தூங்கும் நேரம். அப்பாவைத் தவிர அது எல்லோருக்கும் தெரியும். கன்னத்தைப் பாயில் வைத்தான், பின்புறத்தை உயர்த்திக்கொண்டான், தூங்கிப்போனான். பதினேழாயிரம் பேர் ஒரே குரலில் உருகினார்கள்.

"ஆர்லோ, எழுந்திருடா! பெரிய திரையில வர்றோம்டா!" என்று பிரென்ட் பாயைத் தட்டினான்.

எதிர்முனையில் மண்டியிட்டிருந்த மரீசா மகனையே பார்த்தாள். தாய்ப்பாசம் என்று திரையில் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். அது பொறாமை. பிறகு எழுந்து, பந்தயத்தின் குறுக்கே நடந்துவந்து, பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனாள். பிரென்ட் 'முதல் ஆட்டம்' என்ற சான்றிதழை வாங்க வரிசையில் நின்றான்.

இதைப் படித்துச் சிரிக்கும் ஐயா, ஒரு நிமிஷம். உங்கள் போனில் பிள்ளையின் முதல் பிறந்தநாள் படம் இருக்குமே, அதை எடுங்கள். ஓரத்தில், முழங்கையோடு வெட்டுப்பட்டு, துண்டைப் பிடித்தபடி ஒரு கை தெரிகிறதா? அது யாருடைய கை? அந்தப் படத்தில் அவர் முகம் எங்கே? சரி, போனை வையுங்கள். நான் என் தம்பியைப் பற்றித்தான் சொல்கிறேன்.

சாயங்காலம் ஆறு மணி, என் வீட்டுக் கூடம். இரண்டு மணி நேரம் தாயின் தோளில் தூங்கி எழுந்த ஆர்லோ, புதிதாய்ப் பிறந்தவன் போல மினுங்கினான். மரீசாவின் கண்கள் சிவந்திருந்தன. பிரென்ட் நோட்டை மூடிவிட்டு நிமிர்ந்தான்.

"அடுத்த மாசம் சிகாகோல ஒரு ஆட்டம் இருக்கு. அங்கயும் தவழற பந்தயம் உண்டாம். இந்தத் தடவை முன்னாடியே ரெண்டு பேர் பேரையும் குடுத்துடறேன். என்ன சொல்ற?"

மரீசா ஆர்லோவை அவன் மடியில் உட்காரவைத்தாள். சோபாவிலிருந்த தலையணையை எடுத்துக்கொண்டாள். படியேறிப் போய்விட்டாள்.