பச்சை ரிப்பன் கட்டிய மரம்

மரம் தெரியும் ஜன்னலைப் பார்த்தபடி ஜோய்ஸ். எதிரில், மரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் புருஷன் ஓர்வில். குளிர்பெட்டியை ஒட்டிய நாற்காலியில், கை நீட்ட வசதியாக, ஜோய்ஸின் தம்பி டுவேன். நடுவில் சமையலறை மேஜைமேல் ரூபார்ப் கேக்கும் செய்தித்தாளும்.

செய்தித்தாளில் நகரசபை அறிவிப்பு. வண்டு துளைத்த ஆஷ் மரங்களுக்குப் பச்சை ரிப்பன் கட்டியாயிற்று, அவற்றை வெட்டப்போகிறார்கள். பதிலுக்கு எந்தக் கன்று வேண்டும் என்று இன்றைய தபாலில் எழுதாதவர்களுக்கு வெறும் அடிக்கட்டைதான் மிச்சம்.

போன சனிக்கிழமை, பின்தெரு மேவிஸ் வீட்டில் மகளின் பட்டமளிப்பு விருந்து. கொல்லை வழியாகப் போய் மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டு, தெரு வழியாகத் திரும்பும்போதுதான் ஓர்வில் தன் மரத்தில் பச்சை ரிப்பனைப் பார்த்தார்.

"அது ஆஷ் மரம்தானா மாமா?" என்றான் டுவேன், வாய் நிறையக் கேக்கோடு.

"பின்ன எதுக்குடா ரிப்பன் கட்டுவான்? போய்ப் பட்டையைத் தொட்டுப் பாரு, உடம்பெல்லாம் மரு. வண்டு உள்ள பூந்து குடித்தனம் பண்ணுது!"

"எனக்கு நிழல் வேணும்," என்றாள் ஜோய்ஸ். "அது இல்லேன்னா ஜூலை மாசம் இந்தச் சமையலறையில ரொட்டியோட நானும் வெந்துடுவேன்."

"மேப்பிள் கேளுங்க," என்றான் டுவேன்.

ஓர்வில் எழுதினார். உறையை ஒட்டினார்.

"மேப்பிளா? விதையெல்லாம் கூரை ஓரத் தண்ணிக் குழாய்ல அடைச்சுக்கும். ஏணியில நீங்க ஏறுவீங்களா?" என்றாள் ஜோய்ஸ்.

உறை கிழிந்தது. ஓக் என்று எழுதினார்.

"அது நிழல் தர்றப்போ நாம மண்ணுக்குள்ள படுத்திருப்போம்!" என்றாள் மறுபடியும் ஜோய்ஸ்.

அதுவும் கிழிந்தது. காட்டு ஆப்பிளுக்கு டுவேனே குறுக்கே விழுந்தான்: பழம் தன் லாரி மேல் விழுமாம்.

"உன் லாரியை உன் வீட்டுல நிறுத்தேண்டா!" என்றார் ஓர்வில்.

வீட்டில் இருந்த உறையெல்லாம் தீர்ந்து, கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கு வாங்கிய சிவப்பு உறை ஒன்றுதான் மிச்சம். தெருக்கோடியில் தபால் வண்டி வந்துவிட்டது. எந்த மரத்தை யார் வேண்டாம் என்றார்கள் என்பதே ஓர்விலுக்குக் குழம்பிப்போயிற்று.

டுவேன் அறிவிப்பில் இருந்த கன்றுப் பட்டியலின் கடைசி வரியைப் படித்தான். "ஹாக்பெரி. பனி, காத்து, வெயில் எல்லாம் தாங்குமாம். நல்லா விரிஞ்சு நிழல் தருமாம். குப்பை கம்மி, பழத்தைக் குருவி தின்னுடும்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இதை யாராச்சும் கண்ணால பார்த்திருக்கோமா?" என்றார் ஓர்வில்.

"நம்ம ஊர்ல எங்க இருக்கப்போகுது!" ஜோய்ஸ் பெருமூச்சு விட்டாள். "இப்படி ஒண்ணு வாசல்ல நின்னிருந்தா இத்தனை வருஷமும் நிம்மதியா இருந்திருப்பேனே."

'எங்கள் மரத்தைத் தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள். பதிலுக்கு ஒரு ஹாக்பெரி தருக' என்று எழுதி, சிவப்பு உறையை நாக்கால் நனைத்து ஒட்டி, செருப்பில்லாமல் ஓடி, நகர்ந்துகொண்டிருந்த வண்டிக்குள் திணித்தார் ஓர்வில். வண்டி திருப்பத்தில் மறைந்தது. அப்பாடா என்று திரும்பினால், மரத்தடியில் கத்தரிக்கோலோடு மேவிஸ்.

"மன்னிச்சுக்கோங்க ஓர்வில், அவுக்க மறந்தே போச்சு. விருந்துக்கு வர்றவங்களுக்கு எங்க தெருவுக்கு வழி அடையாளம் சொல்ல, இந்தத் தெருவுல இருக்கிற ஒரே ஹாக்பெரி மரம் உங்களோடதுதானேன்னு, இதுல ரிப்பனைக் கட்டிட்டேன்."