மொதக்குறி அண்ணன் கூறு போட்ட மான்

துபாயில் சட்டம் படித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். ஆனால் கீழே விழுந்து கிடக்கிற ஒரு பொருள் யாருக்குச் சொந்தம் என்று தீர்ப்புச் சொல்லத் தெரிந்தவர் அந்த ஊரிலேயே ஒருவர்தான். அவர் அல் குசைஸில், எங்கள் தொழிலாளர் கேம்ப்பில், என் கட்டிலுக்கு மேல் கட்டிலில் படுத்திருந்தார்.

அவர் பாஸ்போர்ட்டில் என்ன பெயர் இருந்தது என்று எனக்குத் தெரியாது. எல்லோருக்கும் அவர் மொதக்குறி அண்ணன். சிவகங்கைப் பக்கம். ஏசி குழாய்களுக்கு உறை சுற்றுகிற வேலை. மெலிந்த உடம்பு, பெரிய மீசை, உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத குரல். தெருவில் எது கிடந்தாலும் வலது கையை ஈட்டி மாதிரி நீட்டி, "மொதக்குறீ!" என்று கூவுவார். கூவினால் அந்தப் பொருளில் அவருக்குப் பங்கு வந்துவிட்டது என்று அர்த்தம். மறுத்துப் பேசினால் வேட்டைச் சட்டம் முழுவதையும் கேட்க வேண்டியிருக்கும் என்பதால் யாரும் மறுப்பதில்லை.

அவர் ஊரில் முன்பு வேட்டைக்குப் போவார்களாம். இப்போது கிடையாது, வனத்துறை பிடித்துக்கொண்டு போய்விடும். வேட்டை நின்றாலும் சட்டம் மட்டும் அவருக்கு மனப்பாடமாக இருந்தது.

"மொதல்ல குறி வச்சுக் கூவுனவனுக்குத் தலையும் தோலும். விழ வச்சவனுக்கு ஒரு தொடை. விழுந்ததுக்கு மேல கைய வச்சவனுக்கு மறு தொடை. நாய்க்குக் கொடலு. வழியில சும்மா எதுக்க வந்தவனுக்கும் ஒரு கூறு உண்டு."

"சும்மா பாத்துக்கிட்டே நின்னவனுக்கு?" என்று ரூமில் யாராவது கேட்பார்கள்.

"பாத்துட்டுக் கூவாதவனுக்கு ஒண்ணும் கெடையாது. வாயி எதுக்கு இருக்கு?"

இதைச் சொல்லும்போது என்னைத்தான் பார்ப்பார். எனக்குக் கண் நல்ல கூர்மை. வாய்தான் திறக்காது. டூட்டி பஸ்ஸில் என் ஸ்டாப் தாண்டிப் போனால்கூட டிரைவரைக் கூப்பிடக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி வெயிலில் நடந்து வருகிற ஆள் நான்.

"அண்ணே, நீங்க எத்தன மான் அடிச்சிருக்கீங்க?" என்று ஒருநாள் ரூமில் ஒருவன் கேட்டான்.

"நான் அடிக்கிற ஆளு இல்லடா. கூறு போடுற ஆளு."

"மானப் பாத்தாவது இருக்கீங்களா?"

"ஏன் பாக்காம? பார்க்குல, கம்பிக்கு அங்கிட்டு நின்னுச்சு."

ரூமே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. நீதிபதி கொலை செய்திருக்க வேண்டும் என்று ஏதாவது கட்டாயம் இருக்கிறதா என்று கேட்டார்.

அவர் தீர்ப்புகள் கேம்ப் முழுவதும் பிரசித்தம். ஒருமுறை ஏதோ ஆபீஸில் தூக்கிப்போட்ட சுழல் நாற்காலி ஒன்றை நான்கு பேர் தூக்கி வந்தார்கள். நான்கு பேருக்கும் அது வேண்டும். அண்ணன் விசாரித்து, முறை வைத்து உட்காரச் சொன்னார். நாய்ப் பங்கு என்று ஒன்று மிச்சம் இருந்தது. கேம்ப்பில் நாய் இல்லை. அதனால் மதிய நேரத்தில் அந்த நாற்காலி பூனைக்கு என்று தீர்ப்பானது. பூனையும் தீர்ப்பை மதித்து, மதியம் மட்டும்தான் வந்து படுத்தது. அந்தப் பூனைக்கு இருந்த சட்ட அறிவு எங்களில் பாதிப் பேருக்கு இல்லை.

இன்னொரு முறை ரூமில் வைத்த ஒட்டும் அட்டையில் எலி ஒன்று மாட்டிக்கொண்டது. அட்டையை வாங்கியவன் ஒருவன், வைத்தவன் ஒருவன், எலி மாட்டியது மூன்றாமவன் கட்டிலுக்கு அடியில். யாராவது ஒருவர் எலியை எடுத்துக்கொண்டு போக வேண்டும். மூன்று பேரும், "எலி என்னோடது இல்ல" என்றார்கள். சொந்தம் கொண்டாட ஆளே இல்லாத வேட்டையை அண்ணன் அன்றுதான் பார்த்தார். குனிந்து பார்த்தவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"டேய், மூச்சு விடுதுடா! உசுரோட இருந்தா அது வேட்டையே இல்ல. கேஸ் தள்ளுபடி."

என் தலையணைக்கு அடியில் இருந்த தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்து, எலியின் காலைச் சுற்றி ஊற்றி, மெதுவாகப் பிரித்தெடுத்து, ஒரு பனியனில் சுற்றி எதிரே இருந்த மணல்வெளியில் விட்டுவிட்டு வந்தார். இரண்டு நாளில் அது திரும்பி வந்துவிட்டது. எண்ணெய் மினுமினுப்பை வைத்து அடையாளம் கண்டுபிடித்தோம். "நன்றி சொல்ல வந்துருக்கு" என்றார்.

இதையெல்லாம்விட அவருக்குப் பிடித்தது ஒரு மான் வழக்கு. அவர் அப்பா காலத்தில் நடந்ததாம். அவர் ஊர்க்காரர் ஒருவர் மானைக் குறி பார்த்து அடித்திருக்கிறார். அடிபட்ட மான் கண்மாயைத் தாண்டி ஓடிப் போய்ப் பக்கத்து ஊர் எல்லையில் விழுந்துவிட்டது. அடி எங்களுடையது, மான் எங்களுக்கு என்கிறது ஒரு ஊர். விழுந்த இடம் எங்களுடையது, மானும் எங்களுடையது என்கிறது இன்னொரு ஊர். அரிவாள் வரைக்கும் போய்விட்டது.

இந்தக் கதையை அவர் எத்தனை முறை சொன்னாலும் முடிவு மட்டும் வந்ததே இல்லை. ஒருமுறை பஸ் வந்துவிட்டது. ஒருமுறை தண்ணீர் நின்றுவிட்டது. ஒருமுறை அவருக்கே தூக்கம் வந்துவிட்டது. முடிவு வராவிட்டாலும் மான் மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது. நான் முதலில் கேட்டபோது ஆட்டுக்குட்டி அளவு இருந்த மான், நான் ஊருக்குக் கிளம்புகிற காலத்தில் காங்கேயம் காளை அளவுக்கு வந்துவிட்டது.

ஆமாம், நான் ஊருக்குக் கிளம்புகிற நேரம். விசாவை முடித்துக்கொண்டு ஒரேயடியாகப் போகிறேன். அருப்புக்கோட்டையில் என் மச்சான் பந்தல் சாமான் வாடகைக்கு விடுகிறான். அவனோடு சேர்ந்து கல்யாண மேடை அலங்காரம் செய்வதாக ஏற்பாடு. எங்களிடம் தூண் இருந்தது, துணி இருந்தது, விளக்கு இருந்தது. மான் இல்லை. எங்கள் பக்கத்தில் இப்போது மேடைக்கு இரண்டு பக்கமும் மான், மயில் என்று ஏதாவது நிற்காவிட்டால் அதைக் கல்யாணம் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வந்து விசாரிக்கிறவர்கள் எல்லோரும் "மான் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு வேறு ஆளிடம் போய்விடுகிறார்கள் என்று மச்சான் போனில் புலம்பினான். இதை ரூமில் யாரிடமும் நான் சொல்லவில்லை. மான் வேண்டும் என்று வாய் திறந்து எப்படிச் சொல்வது?

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடி வராந்தாவில் கைலி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். எதிர்ச் சாரியில் ஒரு கடையைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். இரண்டு பேர் உள்ளேயிருந்து எதையோ தூக்கி வந்து குப்பைத் தொட்டி பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போனார்கள்.

மான்!

வெள்ளை ஃபைபர் மான். நிஜ மான் உயரம். தங்க நிறக் கொம்பு. தலையை லேசாகத் திருப்பி என்னையே பார்த்தது. என் கையில் இருந்த கைலி கீழே விழுந்தது. கூவ வேண்டும் என்று வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. ஓடினேன்.

படியில் பாதி இறங்கியிருப்பேன். என் தலைக்கு மேலே வராந்தாவிலிருந்து கேம்ப்பே அதிர்கிற மாதிரி ஒரு குரல்.

"மொதக்குறீ!"

போச்சு, என்று நினைத்தேன்.

நான் தெருவுக்கு வந்தபோது கான் பாய் தன் பிக்கப் வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். பெஷாவர்க்காரர், நல்ல மனிதர். பின்பக்கம் பார்த்து ஓட்டும் பழக்கம் மட்டும் இல்லை. வண்டி மான் மேல் இடித்தது. மான் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது. முன்னங்கால் ஒன்று முட்டியோடு ஒடிந்து தனியாக உருண்டது.

அதே நேரம் காய்கறிப் பையோடு வந்த குகன் பையைக் கீழே வைத்துவிட்டு, விழுந்த மானின் கழுத்தில் கையை வைத்தான். குகன் யாழ்ப்பாணம். தெருமுனை சாப்பாட்டுக் கடையில் கல்லாவில் இருப்பவன்.

"இது எனக்கு! கடை வாசல்ல வைக்கிறதுக்கு ஒண்டும் இல்லையெண்டு முதலாளி ஒவ்வொரு நாளும் பேசுறார்."

கான் பாய் வண்டியிலிருந்து குதித்தார். "அரே பாய், மைனே கிராயா! ஹிரண் மேரா!" நான்தான் விழ வைத்தேன், மான் எனக்கு என்கிறார். அவருக்கு மான் எதற்கு என்று அவருக்கே தெரியாது. ஆனால் ஊரே கேட்கிறபோது தான் மட்டும் கேட்காமல் இருப்பது எப்படி?

இதற்குள் மொதக்குறி அண்ணன் பனியனும் கைலியுமாக இறங்கி வந்துவிட்டார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஆயுள் முழுக்க நாற்காலிக்கும் எலிக்கும் தீர்ப்புச் சொன்ன மனிதருக்கு முதல்முதலாக ஒரு மான் வழக்கு!

"எல்லாரும் தள்ளி நில்லுங்க. ஒடம்புல யாரும் கைய வைக்காதீங்க. குகா, ஒன்னையத்தான்!"

"என்ன அண்ணை கதைக்கிறியள்? தொட்டது நான். நீங்கள் மேல நிண்டு கத்தினதுதானே?"

"கத்துனதுதான்டா மொதக்குறி. தலையும் தோலும் எனக்கு. இடிச்சுத் தள்ளுனது கான் பாய், அவருக்கு ஒரு தொடை. கை வச்சது நீ, ஒனக்கு மறு தொடை."

"தொடையைக் கொண்டுபோய் வாசல்ல வைச்சால் சனம் ஆட்டுக்கால் கடையெண்டு நினைக்குமண்ணை!"

கேம்ப் முழுவதும் கீழே இறங்கிவிட்டது. ஆளுக்கொரு கட்சி. "விழுந்ததே மானோட தப்புதான்" என்று ஒருவன். "குரல் பெருசா, வண்டி பெருசா?" என்று இன்னொருவன். தமிழில் ஆரம்பித்து, மலையாளத்தில் ஏறி, ஹிந்தியில் அடிதடிக்கு வந்தது. தெருக்கோடியில் முனிசிபாலிட்டி குப்பை லாரி திரும்புகிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு தொட்டியாகக் கவிழ்த்துக்கொண்டு அது வந்துகொண்டிருந்தது. லாரி வந்துவிட்டால் தலையும் கிடையாது, தொடையும் கிடையாது.

கூட்டத்துக்குள் புகுந்து, "எனக்குக் கொடுத்துடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல என்னால் முடியவில்லை. உருண்டு கிடந்த காலை மட்டும் எடுத்துக்கொண்டேன். வேர்ஹவுஸில் பேக்கிங் செய்கிற எனக்கு டேப் ரோல் எப்போதும் வளையல் மாதிரி கையிலேயே இருக்கும். லீவு நாளிலும் கழற்ற மறந்துவிடுவேன். மானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒடிந்த இடத்தைப் பொருத்தி, டேப்பைச் சுற்றத் தொடங்கினேன். ஆட்கள் என் தலைக்கு மேலே கத்திக்கொண்டிருந்தார்கள். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. அது எனக்குப் பழக்கம்தான்.

"எங்க ஊரு மான் கேஸும் இப்படித்தான்யா ஆச்சு!" என்று அண்ணன் குரலை உயர்த்தினார். கூட்டம் கொஞ்சம் அடங்கியது. "ரெண்டு ஊரும் அருவாளத் தூக்கிட்டு நிக்குது. எங்கப்பாதான் கூறு போடுற ஆளு. தலை யாருக்கு, தொடை யாருக்குன்னு காலையிலருந்து மத்தியானம் வரைக்கும் பேசுறாங்க. கடைசியில எங்கப்பா தீர்ப்புச் சொல்லலாம்னு திரும்புனாரு..."

லாரி அடுத்த கட்டிடத்துக்கு வந்துவிட்டது.

"திரும்பினால்? முடிவைச் சொல்லுங்கோ அண்ணை!"

"மான் எந்திரிச்சு நின்னுச்சு! ரெண்டு ஊரையும் ஒரு பார்வ பாத்துச்சு. போயிருச்சு! அம்புட்டுப் பேரும் வாயப் பொளந்துக்கிட்டு நின்னாய்ங்க. அன்னிக்கு எங்கப்பா போட்ட சட்டம்தான், கூறு பேசுறதுக்கு முன்னாடி உசுரு இருக்கான்னு பாருங்கடான்னு..."

சொல்லிக்கொண்டே மான் கிடந்த பக்கம் கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது.

நான் அப்போதுதான் கடைசிச் சுற்றைச் சுற்றி, டேப்பைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, மானைத் தூக்கி நிறுத்தியிருந்தேன். லேசாக ஆடியது. பிறகு நாலு காலில் நின்றது. தலையை லேசாகத் திருப்பி எல்லோரையும் பார்த்தது.

வழி கேட்டு ஹாரன் அடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர்கூட அதிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"எந்திரிச்சிருச்சுடா!" நீட்டிய கையை இறக்காமலே அண்ணன் கூவினார். "உசுரோட இருக்கு! கேஸ் தள்ளுபடி! உசுரோட இருக்குறது காயத்துக்குக் கட்டுப் போட்டவனுக்குத்தான் போகும். கலாஸ், முடிஞ்சுபோச்சு!"

கான் பாய்தான் முதலில் சிரித்தார். பிறகு மானைத் தன் வண்டியில் ஏற்றச் சொன்னார். விழ வைத்தவர் என்பதால் வாடகை கேட்க முடியாது என்று அண்ணன் அதற்கும் ஒரு சட்டம் சொன்னார். குகன் மட்டும் மீசையைத் தடவிக்கொண்டு நின்றான்.

"ஓம், சரி. நீங்கள் ஊருக்குப் போகேக்க கார்கோவில போடுற வரைக்கும் எங்கட கடை வாசல்ல நிக்கட்டும். பிறகு நீங்கள் கொண்டு போங்கோ."

நான் தலையாட்டினேன். கான் பாயின் வண்டி சாப்பாட்டுக் கடை வரைக்கும் ஊர்வலமாகப் போனது.

ரூமுக்கு வந்த பிறகு கேட்டேன். "அண்ணே, மான் எனக்கு வேணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெனமும் கட்டில்ல படுத்துக்கிட்டு போன்ல கல்யாண மேடையா ஓட்டுறியே தம்பி. பொண்ணு மாப்பிள்ள வந்தாத் தள்ளிவிடுற. மான் வந்தா நிறுத்திப் பாக்குற. மேல் கட்டில்ல இருக்குறவனுக்குக் கண்ணு இல்லையா?"

"அப்ப நீங்க கூவுனது?"

"நீ கூவமாட்டேன்னு தெரியும். யாராச்சும் கூவணுமில்ல?" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். திரும்பிய பிறகு ஒன்று சொன்னார். "தலை என் பங்குதான், மறந்துறாத. இப்போதைக்கு ஒங்கிட்ட இருக்கட்டும். வந்து எடுத்துக்கிறேன்."

அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். நான் இங்கே மேடை போட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த மான் போகாத கல்யாணம் எங்கள் பக்கத்தில் குறைவு. போன் செய்தால் என்னை விசாரிக்க மாட்டார். "கால் எப்படி இருக்கு?" என்பார். அது மானின் கால். டேப்பை எடுத்துவிட்டு நன்றாக ஒட்டிவிட்டேன் என்று எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. ஒவ்வொரு கல்யாணத்திலும் மான் கழுத்தில் மட்டும் ஒரு மாலை கூடுதலாகப் போடுவேன். ஏன் என்று மச்சான் கேட்டால், தலைக்கு வேறு ஆள் சொந்தக்காரர் என்பேன்.

மேடையைப் பிரித்து மானை வேனில் ஏற்றும்போது, மண்டபத்து வாசலில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொள்வேன். பிறகு கையை நீட்டி, எனக்கு வருகிற குரலில், "மொதக்குறீ" என்று ஒரு தடவை கூவுவேன். பங்கு கேட்டு அவர் வந்துவிட மாட்டாரா என்றுதான்.