தூசி பார்க்கும் போச்சு அண்ணன்

காரைக்காலில் அதிகமான சாவுச் செய்தி சொன்னவர் யார் என்று கேட்டால், யோசிக்காமல் போச்சு அண்ணன் என்பேன். செத்தவை எல்லாம் கம்ப்யூட்டர்கள். அவற்றிலும் முக்கால்வாசி சாகவே இல்லை என்பது வேறு விஷயம்.

வெளியூர்க்காரர்கள் எங்கள் ஊருக்கு வருவதே சந்தோஷமாக இருக்கத்தான். மூலைக்கு மூலை அதற்கான கடைகள் உண்டு. அப்படிப்பட்ட ஊரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், முப்பத்து நாலு வயசு மனுஷன் ஒருத்தர் வருஷம் பூராவும் இழவு வீட்டு முகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். கேம் விளையாடும் கம்ப்யூட்டர், லேப்டாப் எல்லாம் ரிப்பேர் பார்ப்பது தொழில். கடைக்கு மேலே பெரிய எழுத்தில் ஏதோ ஆங்கிலப் பெயர் இருக்கும். அதை யாரும் படித்ததில்லை. எதைக் கொண்டுபோய் வைத்தாலும், ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாமல் "போச்சுங்க" என்பார். அதனால் அது போச்சு கடை. அவர் போச்சு அண்ணன். அவருடைய சொந்தப் பெயர் அவருடைய ஆதார் அட்டைக்கு மட்டும்தான் தெரியும்.

இதற்கு ஒரு காரணம் உண்டாம். தொழிலுக்கு வந்த புதிதில் ஒருத்தரிடம், சின்ன வேலைதான், பத்து நிமிஷம் என்று சொல்லிவிட்டு சுவிட்சைப் போட்டிருக்கிறார். உள்ளேயிருந்து புகை வந்திருக்கிறது. நல்ல வார்த்தை காதில் விழுந்தால் மிஷினுக்குத் திமிர் வந்துவிடும் என்று அன்றைக்கு முடிவு செய்தவர்தான். அதற்குப் பிறகு அந்தக் கடையில் யாரும் நல்ல வார்த்தை கேட்டதில்லை.

உப்புக்காற்று படாமல் இருக்க, திறந்து வைத்த கம்ப்யூட்டர்களை வெள்ளை வேட்டி போட்டு மூடி வரிசையாகப் படுக்க வைத்திருப்பார். முதல் தடவை வருகிறவர்கள் தாங்களாகவே செருப்பை வெளியே கழற்றிவிடுவார்கள். ஒரு பெரியம்மா கும்பிட்டே விட்டார். வந்தவரை உட்கார வைத்து, கம்மிய குரலில் விசாரணை ஆரம்பிக்கும். கடைசியாக எப்போது ஓடியது, பக்கத்தில் யார் இருந்தார்கள், போவதற்கு முன்னால் ஏதாவது சத்தம் போட்டதா. ஒரு இன்ஜினியரிங் பையன் மூன்றாவது கேள்வியிலேயே அழுதுவிட்டான். இவர் அவனுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, உள்ளே இருந்த ரேம் என்கிற மெமரி அட்டையைப் பிடுங்கி, பென்சில் அழிக்கிற ரப்பரால் அதன் காலைத் தேய்த்து மறுபடியும் சொருகினார். கம்ப்யூட்டர் ஓடியது. அப்போதும் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"இப்ப ஓடுது தம்பி. எத்தன நாளைக்குன்னு கேக்காதீங்க."

கலர் கலராக லைட் எரிகிற கேமிங் கம்ப்யூட்டர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. மாங்கனித் திருவிழா மாதிரி வெளியே சீரியல் லைட் போட்டுவிட்டு, உள்ளே, கிடைப்பதிலேயே மட்டமான பவர் சப்ளையை வைத்திருப்பார்கள். கேம் சூடு பிடிக்கிற நேரத்தில் அது பொசுக்கென்று அணையும். "கல்யாணத்துக்கு மண்டபம் புடிச்சவன், சமையலுக்கு ஒரு ஸ்டவ்வ மட்டும் வச்ச கதை" என்பார். அதையும் துக்கமாகத்தான் சொல்வார்.

ஆனால் அந்த ஆளிடம் ஒரு வித்தை இருந்தது. தூசி பார்ப்பார். லேப்டாப்பின் அடிமூடியைத் திறந்து, ஃபேனுக்குள் இருக்கிற அழுக்கை பிரஷ்ஷால் ஒரு வெள்ளைத் தாளில் தட்டி, ஜாதகம் மாதிரி உற்றுப் பார்ப்பார். உள்ளே செம்பு பச்சையாகப் பூத்திருந்தால் கடலோரம். உமியும் வைக்கோல் பிசிறும் இருந்தால் வயல் பக்கம். மண்டபத்தூர்க்காரன் ஒருத்தன், லேப்டாப்பை ஏசி ரூமை விட்டு வெளியே எடுத்ததே இல்லை என்று சத்தியம் செய்தான். போச்சு அண்ணன் ஃபேனுக்குள் இருந்து இடுக்கியால் ஒரு செதிலை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார்.

"இது கொடுவா மீன்தானே?"

ஆமாண்ணே, மீன் ஏலக் கூடத்தில் உட்கார்ந்துதான் விளையாடினேன் என்று அவன் ஒத்துக்கொண்டான். நான் அங்கேயே விழுந்து விழுந்து சிரித்தேன். அடுத்த ஆள் நான்தான் என்பதை மறந்துவிட்டேன்.

என் லேப்டாப் விளையாடிக்கொண்டிருக்கும்போதே கொதித்து, தானாக அணைந்துகொண்டிருந்தது. போச்சுங்க என்றார். ஊர் நெடுங்காடு, சுற்றிலும் வயல் என்று சொல்லிவிட்டு, உமி வரும் என்று நான் காத்திருந்தேன். தாளில் கொட்டியது கன்னங்கரேல் என்று இருந்தது. அவர் விரலில் தொட்டுப் பார்த்தார்.

"நெடுங்காட்டுல எப்பலேர்ந்துடா கரி வெளையுது?"

விஷயம் இதுதான். என்னைக் காலேஜில் படிக்க வைக்கத்தான் அப்பா அந்த லேப்டாப்பை வாங்கிக் கொடுத்திருந்தார். பாடத்துக்குக் கட்டாயம் இந்த மாதிரி விலை கூடிய லேப்டாப்தான் வேண்டும் என்று புளுகியவன் நான். அரியர் மேல் அரியர் விழுந்து, ரெண்டாவது வருஷத்தோடு நின்றுவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை. காலையில் அதே பையை மாட்டிக்கொண்டு, அதே பஸ் ஏறி, கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி லாரிகளின் எடையை எழுதும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில் கேம். சாயந்தரம் குழாயில் முகம் கழுவி, தலையைத் துடைத்து, சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு மாணவனாக வீட்டுக்குப் போவேன். லேப்டாப்பின் வயிற்றைக் கழுவ வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லாததை எல்லாம் அவரிடம் கொட்டினேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. "போச்சு" என்றார். அது லேப்டாப்பையா என்னையா என்று நான் கேட்கவில்லை.

லேப்டாப்பைத் திரும்ப வாங்கப் போக வேண்டிய நாளில் மழை பிடித்துக்கொண்டது. உரம் வாங்கணும், நானும் வர்றேன் என்று அப்பா குடையை எடுத்தார். கொல்லைப்பக்கம் போய் போச்சு அண்ணனுக்குப் போனைப் போட்டேன். அண்ணே, அப்பா வர்றாரு, என்ன வேணாலும் சொல்லுங்க, கரின்னு மட்டும் சொல்லிடாதீங்க என்று கெஞ்சினேன். தனக்குப் பொய் வராது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

நாங்கள் போனபோது லேப்டாப் திறந்துதான் கிடந்தது. பக்கத்திலேயே, அவர் எடுத்து வைக்க மறந்துபோன வெள்ளைத் தாள். அதில் ஒரு கைப்பிடிக் கரித்தூள். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து, எப்படி இருக்கிறது என்று கேட்டார். நல்லா இருக்குங்க என்றார் போச்சு அண்ணன். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததுமே, இன்றைக்கு நாம் தப்பிக்க மாட்டோம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"பய ரொம்பப் படிக்கிறான்ல தம்பி, அதான் சூடேறிப் போச்சாட்டம்" என்றார் அப்பா. பிறகு தாளைப் பார்த்தார். "இது என்ன, இவ்வளவு கறுப்பா?"

போச்சு அண்ணனுக்கு வேர்த்தது. நெற்றியைத் துடைத்தார். சிப்புக்கு மேலே சூடு தணியத் தடவுகிற வெள்ளைப் பேஸ்ட் விரலில் இருந்தது, விபூதி மாதிரி நெற்றி நீளத்துக்கு இழுத்துக்கொண்டது.

"அதுங்களா. அது வந்து, கரும்பலகைத் தூசிங்க."

"கரும்பலகையா?"

"முன் பெஞ்சுல உக்காந்து படிக்கிறான்லங்க."

"சாக்பீஸ் தூசி வெள்ளையால்ல இருக்கும்?"

"எழுதுனா வெள்ளைங்க" என்றார். "அழிச்சா கறுப்பு."

வேறு எந்த நாளாக இருந்தாலும் நான் அதை வைத்து ஒரு மாசம் ஓட்டியிருப்பேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா கொஞ்சம் தூளை எடுத்து, விதை நெல்லைப் பார்ப்பது மாதிரி விரல் நடுவில் தேய்த்தார்.

"ஒரு வருஷமா இவன் சட்டைய ஊற வச்சா, வாளித் தண்ணி இந்த நெறந்தான் தம்பி. இவங்கம்மா பாத்துட்டு எங்கிட்ட சொல்லல. நான் பாத்துட்டு அவகிட்ட சொல்லல. இன்னிக்காவது வாயத் தொறப்பான்னுதான் கூட வந்தேன்."

ரெண்டாவது வருஷத்தோட நின்னுட்டேம்பா என்றேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அடித்தாலும் தேவலாம் என்று இருந்தது.

"மூட்ட தூக்குறியா?"

"இல்லப்பா. லாரி எடை எழுதுறேன்."

"மூஞ்சில துணி கட்டிக்கிறியா?"

"இல்ல."

"கட்டிக்க. நெஞ்சுல போயி உக்காந்துக்கும்."

அவ்வளவுதான். குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார். என்னைக் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு ரொம்ப நாளைக்கு வீட்டில் அவர் என்னோடு பேசியதெல்லாம் சாப்டியா, மழை வருது, இந்த ரெண்டும்தான். அந்த வருஷம் எங்கள் வீட்டில் தீபாவளியே சத்தமில்லாமல் போனது.

அப்பா சந்து முனையைத் தாண்டும்வரை போச்சு அண்ணன் நின்றுகொண்டே இருந்தார். பிறகு அப்பா உட்கார்ந்திருந்த அதே ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். அடிமூடியை மூடி ஸ்க்ரூ போடப் பார்த்தார், அது மூன்று தடவை கீழே விழுந்தது. நானே போட்டேன். அழிச்சா எப்படிண்ணே கறுப்பாகும் என்று கேட்டேன்.

"உங்கப்பா மூஞ்சியப் பாத்ததும் வாயில வந்துடுச்சுடா. எனக்கு முன்னப்பின்ன பழக்கமா?"

மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு, காய்ச்சல் என்று வீட்டுக்குப் போனவர் ரெண்டு நாள் வரவில்லை.

ஊரில் நான் கிண்டல் செய்யாத ஆள் கிடையாது. அவரையும் விடுவதில்லை. ஆனால் அந்தக் கரும்பலகைக் கதையை மட்டும் இதுவரை யாரிடமும் சொல்லிச் சிரித்ததில்லை. எனக்காக அவ்வளவு மோசமாகப் பொய் சொன்னவர் வேறு யாரும் கிடையாது.