தூணுக்கு இடமில்லாத பாலம்

மக்கள் சாலையைக் கடக்க ஒரு நடைபாலம் கட்டும்படி எங்கள் அலுவலகத்துக்கு உத்தரவு வந்தது. நியாயமான உத்தரவு. தகராறு அங்கேதான் ஆரம்பம்.

எங்கள் வளாகத்தில் ஏறி, எதிரே மருத்துவமனை வாசலில் இறங்க வேண்டும். படம் நான் வரைந்தேன். கணக்கு, புதிதாக வந்த பொறியாளர்ப் பெண்ணின் பொறுப்பு. இதில் அவள் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் வீடு.

மேலே ஏறும் பாரமும் பாலத்தின் பலமும் ஈடாகும்வரை கணினி திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டுப் பார்க்கும். ஈடானால் பச்சை. இல்லையேல் சிவப்பு.

சிவப்பு.

"கணக்கு ஈடாகல சார். பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தியும் பார்த்துட்டேன். பாலம் நெளியுது" என்றாள் தலைமைப் பொறியாளரிடம்.

"அதுக்கு?"

"நம்ம வளாகத்துல ஒரு தூண் நிறுத்தணும். இந்த இடத்துல."

"அங்க என் கார் நிக்குதேம்மா."

"காரைத் தள்ளி நிறுத்தலாமே சார்."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"எவ்வளவு வித்தியாசம் இருந்தா கணினி ஒத்துக்கும்?"

"அரை சதவீதம்."

"அம்பது ஆக்கு. பெருந்தன்மையா இருக்கட்டும்."

"பச்சை வரும் சார். பின்னாலயே பாலமும் கீழ வரும். நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

உடனே உயர்மட்டக் குழு அமைக்கப்பட்டது. ஆலோசகர் ஒருவர் வந்தார். கிழிந்த ஜீன்ஸ், விலை உயர்ந்த கிழிசல். சிவப்பு என்று சொல்வது மனத்தளர்ச்சி தருமாம். 'வளரும் பச்சை' என்று சொல்ல வேண்டுமாம். குழு கைதட்டி ஏற்றது. கணினிக்கு யாரும் சொல்லவில்லை போலும். சிவப்பே காட்டியது.

"சிக்கல் எதுல? பாரத்துலயா? அப்ப பாரத்தைக் குறைங்க" என்றார் ஆலோசகர்.

"பாரம்னா ஜனங்க சார்."

"பாதி ஜனம்."

சிவப்பு.

"நோயாளிங்க மட்டும். இளைச்சுப் போயிருப்பாங்க."

சிவப்பு.

"சரி, ஒருத்தருமே வேணாம்!"

பச்சை. ஆலோசகர் தலைமைப் பொறியாளரைக் கட்டிக்கொண்டார்.

பொறியாளர்ப் பெண் அறிக்கையை எடுத்தாள். 'ஒருவரும் ஏறாதவரை பத்திரம்' என்று எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டாள்.

"நான் பொய் எழுதலையே அண்ணே?" என்று என்னிடம் கேட்டாள்.

"இல்லம்மா."

வேலை நிரந்தரமானது. பாலமும் எழுந்தது. தரையில் நின்றபடியே நாடா வெட்டினார்கள். 'இது பாதுகாப்பான பாலம். ஏறாதீர்கள்' என்று பலகை மாட்டினார்கள். மருத்துவமனைக்குப் போகிறவர்கள் அதன் நிழலில், பழையபடி வண்டிகளுக்கு நடுவே ஓடுகிறார்கள். தலைமைப் பொறியாளரின் கார் அதே இடத்தில் நிற்கிறது.

போன வாரம் எங்கள் தெருக்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

"ஆஸ்பத்திரித் தெருவுக்கு மட்டும் பாலமா? நமக்கும் ஒண்ணு கேட்கப் போறோம். நீங்களும் கையெழுத்துப் போடுங்க."

"அதுல ஏற முடியாதுய்யா."

"ஏறவா கேட்கிறோம்? அவங்களுக்கு இருக்குல்ல?"

வாதாடிப் பயனில்லை. கையெழுத்துப் போட்டேன். ஒரு நிபந்தனை மட்டும் சேர்க்கச் சொன்னேன்.

தூண் ஏதாவது வைப்பதாக இருந்தால், என் வீட்டு வாசலில் வைக்கக் கூடாது. அங்கே என் ஸ்கூட்டர் நிற்கிறது.