ஜிம்மியின் காலைக் கடன்

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. எங்க நாய் ஜிம்மிய ஒண்ணுக்குக் கூட்டிட்டுப் போகணும்.

லேசா நெனைக்காதீங்க. ஜிம்மிக்கு வயசு பதினாலு. முதுகுத்தண்டுல ஒரு நோய் வந்து, பின்னங்கால் ரெண்டும் கொஞ்சம் கொஞ்சமா செத்துக்கிட்டே வந்திச்சு. "இது குணமாகாது. ஆனா நடத்துங்க. நடந்தாத்தான் ஒண்ணுக்கு வரும். அடைச்சுக்கிட்டா உசுருக்கே ஆபத்து"ன்னு மிருக டாக்டர் சொல்லியிருந்தாரு.

அதனால வீட்டம்மாவோட பழைய உள்பாவாடைய மடிச்சு, அவன் வயித்துக்கு அடியில குடுத்து, ரெண்டு முனையையும் நான் தூக்கிப் புடிப்பேன். முன்னங்கால் ரெண்டும் அவன் பொறுப்பு. பின்னங்கால் என் பொறுப்பு.

முதல் நாள் சாயந்திரத்துல இருந்து அவன் போகல. விடிஞ்சதும் பதறிப்போய், கட்டின சாரத்தோடயே கெளம்பிட்டேன்.

சந்தியில திரும்புனா, நேத்து வரைக்கும் இல்லாத ஒரு செக்பொயின்ட். யுத்த காலத்துக் கண்டியில அதெல்லாம் சொல்லிட்டு வராது.

"கையத் தூக்கு"ன்னாரு ஆமிக்காரர், சிங்களத்துல.

தூக்கினேன். பாவாடையும் கூடவே வந்திச்சு. ஜிம்மியோட பின்பக்கம் அந்தரத்துல.

"நாய எறக்கு."

"எறக்குனா உக்காந்துருவான் சேர். இன்னும் ஒண்ணுக்குப் போகல."

"ஐசி எங்க?"

அப்பத்தான் ஞாபகம் வந்திச்சு. அடையாள அட்டை வீட்டுல, நேத்துப் போட்ட கலுசான் பையில. அந்த வருஷங்கள்ல ஒரு தமிழன் ஐசி இல்லாமப் புடிபட்டா, எங்க வச்சிருக்காங்கன்னு வீட்டுக்குத் தெரியவே நாளாகும். நெசமாவே பயந்துட்டேன். அந்த நேரம் பாத்து சாரமும் அவுந்திச்சு.

"சேர், இதக் கொஞ்சம் புடிங்க"ன்னு பாவாடைய அவர் கையில திணிச்சிட்டு, சாரத்தப் புடிச்சேன்.

பாவம், அவரும் துவக்கத் தோள்ல மாட்டிக்கிட்டு வாங்கிட்டாரு. ஜிம்மிக்கு என்னைவிட உறுதியான கை கெடச்சதுல ஒரே குஷி. ஆமிக்காரர இழுத்துக்கிட்டுக் கொஞ்ச தூரம் நடந்தான். நின்னான். போனான். போய்க்கிட்டே இருந்தான்.

"போயிட்டான் சேர்!"

சந்தோஷத்துல கத்திட்டேன். அப்புறம்தான் கீழ, அவர் காலப் பாத்தேன். அவரும் பாத்தாரு. நல்லா நிதானமாப் பாத்தாரு.

கடைசியில பாவாடைய என்கிட்ட நீட்டுனாரு. "எங்க வீட்டு நாயும் இப்படித்தான் கெடந்திச்சு. போ. நாளைக்கு ஐசியோட வா."

வீட்டு வாசல்லயே வீட்டம்மா நிக்கிறா.

"போனானா?"

"போனான்."

"எங்க?"

"அரசாங்கத்துச் சப்பாத்துல."