கடலுக்கு மடை திறக்கப் போனவன்

கடலில் தண்ணீர் வற்றியதற்குச் சண்டை பிடிக்கக் கிளம்பிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். ஒப்புக்கொள்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. கோடியக்கரைப் பக்கம் பாய்மரப் படகுப் போட்டி. தொடங்கிவைக்க அமைச்சர் வருகிறார். படகுகள் அணைய ஒரு தற்காலிகத் துறை வேண்டும். சிமெண்டு கூடாது, கரைக்குச் சேதம் கூடாது, கழற்றி அடுத்த ஊரிலும் பூட்ட வேண்டும். அந்த வேலை என் தலையில் விழுந்தது. நானும் தற்காலிக ஓவர்சியர்தான்.

"அமைச்சர் கால் நனையாம எறங்கட்டும், ஒன்ன நிரந்தரமாக்கிடுறேன்" என்றார் இன்ஜினியர்.

காவிரிப் பாசனத்தில் வளர்ந்த திருக்காட்டுப்பள்ளிக்காரனுக்குத் தண்ணீரைப் பற்றி யார் சொல்லித்தர முடியும்? மூங்கில், காலி டிரம், தேங்காய்நார்க் கயிறு என்று மிதக்கும் துறைக்குப் படம் போட்டேன். ஒரு நாள் காலையில் ஆழம் அளந்தேன். இடுப்பளவு. நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்தேன். படகுக்காரர்களின் தலைவர் காசிம் பாய் பக்கத்திலேயேதான் நின்றார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? (கேட்டால் என் டிப்ளமா என்ன ஆவது?)

விழாவன்று அமைச்சர் ஜோராகப் படகேறிப் போய்க் கொடியசைத்தார். திரும்பி வரும்போது என் துறை சேற்றில் உட்கார்ந்திருந்தது. அவர் படகு ஐம்பதடி தள்ளித் தரைதட்டி நின்றது.

"தண்ணி எப்பய்யா வரும்?" என்று அங்கிருந்தே கத்தினார்.

எங்கள் ஊரில் வாய்க்கால் வற்றினால் ஒரே அர்த்தம்தான்: மேல்மடைக்காரன் அடைத்துவிட்டான். அதற்காகவே என் அப்பாவும் பெரியப்பாவும் வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்தவர்கள். எனக்கு ரத்தம் கொதித்தது.

"யாரோ மேல அடைச்சிட்டாங்க, ஐயா! தோ, தொறந்துட்டு வர்றேன்!"

அங்கே கிடந்த மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கடலோரமாக ஓடினேன். காசிம் பாய்தான் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"தம்பி, இது கடலு. இப்ப வத்தம், தண்ணி எறங்குற நேரம். அப்புறம் தானா ஏறும்."

"முன்னாடியே சொல்லக் கூடாதா, பாய்?"

"நீங்க கேக்கவே இல்லியே. கோடெல்லாம் போட்டீங்க. நமக்குத் தெரியாத கணக்கு போலன்னு இருந்துட்டோம்."

அமைச்சரை நாலு பேர் தோளில் தூக்கிவந்து கரையில் இறக்கினார்கள். கால் நனையவில்லை. அதை இன்ஜினியரிடம் எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். மறு மாதமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

என் கல்யாணத்துக்கு எல்லோரும் பாத்திரத்தில் பெயர் வெட்டிக் கொடுத்தார்கள். காசிம் பாய் மண்வெட்டியில் வெட்டிக் கொடுத்தார். விஷயம் என் மனைவிக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

இன்றும் குழாயில் தண்ணீர் நின்றால் அந்த மண்வெட்டியை எடுத்து நீட்டுகிறாள்: "போங்க, தொறந்துட்டு வாங்க."

வாங்கிக்கொள்கிறேன். ஆனால் முதலில் எதிர்வீட்டில் ஒரு வார்த்தை கேட்கிறேன்: "ஒங்க வீட்ல வருதுங்களா?"