இது அழைப்பு இல்லை, தகவல்தான்

எழுமலை,
கார்த்திகை மாதம், வெள்ளிக்கிழமை.

நாகமலை புதுக்கோட்டையில் மகன் வீட்டில் இருக்கும் என் மைத்துனரும், என் மகள் செல்லத்தாயின் தாய்மாமனுமாகிய மரியாதைக்குரிய விருமாண்டி அவர்களுக்கு, எழுமலையிலிருந்து மச்சான் மொக்கையன் சொல்லி எழுதுவது. இங்கே நானும் பேத்தி மீனாவும் ஏழு ஆடுகளும் நலம். அங்கே உங்கள் முழங்கால், சர்க்கரை, மகன், மருமகள் எல்லாம் நலமாக இருக்க வேண்டும் என்று கருப்பசாமியை வேண்டிக்கொள்கிறேன். என் கைக்குக் கைநாட்டு ஒன்றுதான் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியும். எழுதுவது பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடை சரண்யாதேவி. நான் ‘நீ’ என்று சொன்னால் இவள் ‘நீங்கள்’ என்று எழுதுகிறாள். அதை இந்த இடத்தோடு நிறுத்தச் சொல்லிவிட்டேன். மாப்ள, இனிமேல் நீதான்.

நாம் இரண்டு பேரும் பேச்சை விட்டு எத்தனை வருசம் என்று உனக்கு நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது. மீனாட்சியம்மன் கோயில் கும்பாபிஷேகம் பங்குனி இருபத்தாறு, புதன்கிழமை. உன் செவலை மாடு கிணற்றில் விழுந்து ஊரே வடம் போட்டுத் தூக்கியதும் அதே வருசம். கும்பாபிஷேகத்துக்கு நாம் எல்லோரும் உசிலம்பட்டியில் பஸ் ஏறிப் போனோம். கூட்டத்தில் உன் இடது கால் செருப்பு தொலைந்துபோய், வலது கால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தாய். செல்லத்தாய்க்கு அப்போது ஐந்தாம் மாதம். கூட்ட நெரிசலில் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிட்டாள். நீதான் ஓடிப்போய் சோடா வாங்கி வந்தாய். இதை மறந்துவிடாதே, பின்னால் வேண்டியிருக்கிறது. அந்த வருசம் ஆவணி மூன்றாம் வெள்ளியன்று மீனா பிறந்தாள். அடுத்த வருசம் அவள் காதுகுத்துக்கு நீ வரவில்லை. அன்று விட்ட பேச்சுதான். உன் அக்கா, என் வீட்டுக்காரி, கண்ணை மூடியபோது கோடித் துணியோடு வந்தாய். கோடியைப் போட்டாய், என் முகத்தைப் பார்க்காமலே போனாய். அதுவும் எனக்கு நினைவிருக்கிறது.

இப்போது மீனா பத்தாம் வகுப்பு. செல்லத்தாயும் மருமகனும் கப்பலூரில் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமை வந்து சட்டி பானையைப் பார்த்துவிட்டு மாலையே ஓடிவிடுவார்கள். இருவரும் வருசத்துக்கு இரண்டு சிம் மாற்றுகிறவர்கள் என்பதால், பள்ளிக்கூடத்தில் போன் நம்பர் கேட்டபோது மீனா என் நம்பரைக் கொடுத்துவிட்டாள். அங்கே ஆரம்பித்தது வினை. ஆனி மாதம் நான் கண்மாய்க் கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருக்கிறேன், போன் அடிக்கிறது. எடுத்தால் ஒரு பெண் பிள்ளை, தேன் மாதிரிக் குரல். ‘வணக்கம். அன்பார்ந்த பெற்றோரே, உங்கள் மகன் அல்லது மகள்...’ என்று ஆரம்பித்தது. நான் உடனே, “அல்லதெல்லாம் இல்ல தாயி, எங்க வீட்ல ஒரே ஒரு பொம்பளப்புள்ளதான், பேரு மீனா, நல்லா இருக்கியா, சாப்ட்டியா?” என்று கேட்டேன். ஒரு பதில் இல்லை. அது பாட்டுக்கு இலவச பஸ் பாஸுக்குப் போட்டோ கொண்டுவரச் சொன்னது. கடைசியில், ‘தகவல் புரிந்திருந்தால் எண் ஒன்றை அழுத்தவும்’ என்றது. பேசிக்கொண்டிருக்கும்போதே எதற்குப் பொத்தானை அழுத்த வேண்டும்? “புரிஞ்சதும்மா” என்று வாயாலேயே சொன்னேன். ஐந்து நிமிடம் கழித்து அதே பெண், அதே சேதி. மறுபடியும் புரிந்தது என்றேன். அன்றைக்கு மட்டும் ஆறு தடவை கூப்பிட்டது. பாவம், மறதிக்காரப் பிள்ளை போலிருக்கிறது, இதற்குப் போய் பள்ளிக்கூடத்தில் வேலை கொடுத்திருக்கிறார்களே என்று நினைத்தேன். நாலு மாதம் இப்படியே பழகிவிட்டோம். உன் அக்கா போனதைக்கூட அவளிடம் சொன்னேன். அதற்கு அவள், சனிக்கிழமை சிறப்பு வகுப்பு உண்டு என்றாள்.

ஒரு தடவை கேட்டால் வரி பிசகாமல் சொல்வேன் என்பதால் எங்கள் தெருவில் பதினான்கு வீட்டுப் பள்ளிக்கூடத் தகவலும் என் வாய்க்கு வந்துவிட்டது. எதிர்வீட்டு சூர்யபிரகாஷ் போனில் பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது, இருந்து என்ன? அதில் விடிந்தால் நாற்பது பேர் ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கம் சொல்கிறார்கள். அந்தப் பூவுக்குள் எங்கேயோ தகவல் கிடக்கும், இவன் தேடி எடுப்பதற்குள் நாள் போய்விடும். அதனால் அவனும் சாயங்காலம் ஆட்டுக் கொட்டத்துக்கு வந்து, “சித்தப்பா, இன்னைக்கு அந்தப் புள்ள என்ன சொல்லுச்சு?” என்றுதான் கேட்பான். நான் அதே குரலில் ‘அன்பார்ந்த பெற்றோரே’ என்று ஆரம்பிப்பேன். நடுவில் ஒரு சறுக்கல் நடந்தது உண்மை. ‘மாணவர்களுக்கு இலவசக் கண் பரிசோதனை, பெற்றோர் உடன் வரவும்’ என்று அவள் சொன்னதை நம்பி, பெற்றோரைப் பெற்றவர்களையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போனேன். பதினொரு கிழடுகள் வரிசையில் முன்னால் நின்றோம். டாக்டர் பிள்ளைகளைப் பார்ப்பதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. அதுகூடப் பெரிதில்லை. பெரிது இனிமேல்தான்.

ஐப்பசிக் கடைசியில் அந்தப் பெண் கூப்பிட்டு, பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பெயர்ப் பட்டியல் தயாராகிறது, பிள்ளையின் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி சரிதானா என்று பார்த்துக் கையெழுத்துப் போட புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பெற்றோர் வர வேண்டும் என்றாள். சாயங்காலம் தெருவில் சொன்னேன். சூர்யபிரகாஷ் பெண்டாட்டி கேட்டாள், “அது சரி மாமா, வெத்தல பாக்கு வச்சு அழைச்சாகளா?” நான், “போன்ல எப்பிடித்தா வெத்தல வப்பாக?” என்றேன். “அப்ப வீட்டுக்கு வந்து சொல்லலையே, நாளைக்கு நம்ம பாட்டுக்குப் போயி நின்னா, யாரு உங்கள வரச் சொன்னான்னு கேட்டா மூஞ்சிய எங்கிட்டு வச்சுக்கிறது?” எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது மாப்ள. காதுகுத்து முடிந்து நான் உன்னை உசிலம்பட்டியில் மறித்துக் கேட்டபோது நடுரோட்டில் நின்று என்ன சொன்னாய்? “ஆள் விட்டுச் சொன்னா அது தகவலு. நேர்ல வந்து தட்டு நீட்டுனாத்தான் அழைப்பு. தகவலுக்கெல்லாம் விருமாண்டி வரமாட்டான்” என்றாய். அதையே வரி பிசகாமல் தெருவுக்குத் தீர்ப்பாகச் சொன்னேன். இது தகவல், தெரிந்துகொள்வதற்கு. அழைப்பு வரட்டும், போவோம். புதன்கிழமை பதினான்கு வீட்டில் ஒருவர்கூடப் போகவில்லை. ஆக, இந்தக் குழப்பத்துக்கெல்லாம் மூலகாரணம் நீதான்.

நேற்று வியாழக்கிழமை காலையில் மீனா அழுதுகொண்டே வந்து என் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். தலைமையாசிரியை ஸ்யாமளா டீச்சர், மதுரையிலிருந்து வருகிறவர், நல்ல மாதிரிதான், ஆனால் அன்று கோபத்தில் இருந்தார்.

“என்னங்கய்யா, உங்க தெருவுல இருந்து ஒருத்தர்கூட வரல? அத்தன தடவ போன்ல அழைச்சோமே!”

“யாரு அழைச்சா? ஒரு புள்ள தகவல் சொல்லுச்சு. நல்ல புள்ளதான், ஆனா நாலு மாசமா நானும் கேக்குறேன், பேரக்கூடச் சொல்லமாட்டேங்குது.”

“ஐயா, அது ஆள் இல்ல. ஒருதடவ பேசிப் பதிஞ்சு வச்ச குரல். மெசினு தானா எல்லாருக்கும் போடும்.”

“அப்ப நான் பேசுனதெல்லாம்?”

“எங்கயும் போகலங்கய்யா.”

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது மாப்ள. உன் அக்கா போனதை நான் யாரிடம் சொல்லியிருக்கிறேன் என்று யோசித்தபடி நின்றேன். அதற்குள் டீச்சர் பட்டியலை எடுத்து, மீனா பிறந்தது ஏப்ரல் ஒன்பது என்று வாசித்தார். தமிழ்த் தேதி என்ன என்று கேட்டேன். போனில் தட்டிப் பார்த்து, பங்குனி இருபத்தேழு என்றார். எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. “கும்பாபிசேகத்துக்கு மறுநாளா? மொத நாளு எம் மக அஞ்சு மாசப் புள்ளத்தாச்சியா சோடா குடிச்சுக்கிட்டு இருந்தா. மறுநாளே எப்பிடிம்மா புள்ள பெறக்கும்?” ஆதார் அட்டையில் அப்படித்தான் இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் எழுதினோம் என்றார். அடுத்த புதன்கிழமை பட்டியல் மேலே போய்விடுமாம். இப்போது திருத்தாவிட்டால் அந்தத் தப்புத் தேதிதான் மார்க் சீட்டில் அச்சாகுமாம். அப்புறம் மாற்ற வேண்டுமென்றால் அந்தப் பிள்ளை ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டுமாம். பிறப்புச் சான்றிதழ் இருந்தால் உடனே திருத்தலாம் என்றார். அது டிரங்குப் பெட்டியில் இருந்தது, கரையான் தின்று ஓரத்து முத்திரை மட்டும்தான் மிச்சம். நான் சொன்னேன், “காகிதம் வேண்டாம்மா, ஆள் கூட்டிட்டு வாரேன். அன்னைக்கு நேர்ல பார்த்த ஆளு.” டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். “ஆள் வேண்டாங்கய்யா, காகிதம்தான் வேணும்.” “காகிதம் அன்னைக்கு அங்க நின்னுச்சாம்மா?” என்று கேட்டேன்.

ஆனால் ஒன்று, அந்த அம்மா பெரிய மனுசி. நேற்றுச் சாயங்காலமே தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு எங்கள் தெருவுக்கு நேரிலேயே வந்துவிட்டார். வருகைப் பதிவேட்டு வரிசைப்படி வீடு வீடாக நுழைந்ததில், எனக்கு முன்னால் அவனுக்கு எப்படி என்று இரண்டு வீட்டில் முனகல். பதிவேடு தாய்மாமன் முறை பார்க்காது என்று சொல்லி அடக்கினேன். வருகிற புதன்கிழமை பதினான்கு வீடும் வேட்டி சேலை கட்டி, பஸ் பிடித்து அல்ல, நடந்தே ஊர்வலமாகப் போகிறது. இனி பாக்கி என் சாட்சி.

அதற்குத்தான் இந்தக் கடிதம். அன்றைக்கு நடந்ததை நீ மறந்திருந்தால் நினைவூட்டுகிறேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் செல்லத்தாய்க்கு வலி கண்டது. பீமாராவ் வேனைப் பிடித்து உசிலம்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் டயர் பஞ்சர். வேனுக்குள் செல்லத்தாய். இறங்கி நின்றவர்கள் நான், நீ, டிரைவர் பீமாராவ், உன் பக்கத்து வீட்டு மலைச்சாமி. உன் அக்கா உள்ளுக்கும் வெளிக்கும் அலைந்துகொண்டிருந்தாள். பீமாராவ் நட்டைக் கழற்றுவதற்குள் பிள்ளை அழுகிற சத்தம். சுற்றத் துணியில்லை. அன்றைக்குத்தான் புதுசாகத் தோளில் போட்டிருந்த பச்சைக் கரைத் துண்டை நீ உருவிக் கொடுத்தாய். அந்தத் துண்டில்தான் மீனா எழுமலைக்கு வந்தாள். செல்லத்தாய் வலியில் கிடந்தவள், அவளுக்கு ஒன்றும் நினைவில்லை. தேதி, கிழமை, துண்டு மூன்றும் சொல்ல உன்னைவிட்டால் எனக்கு வேறு சாட்சி இல்லை.

மாப்ள, இது அழைப்பு இல்லை. தகவல்தான். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறி, நாகமலை புதுக்கோட்டையில் இறங்கி, தட்டோடு உன் வாசலில் வந்து நின்று அழைப்பேன். அன்றைக்கு நீ வீட்டில் இருக்க வேண்டும் என்பதற்குத்தான் முன்கூட்டியே தகவல். காதுகுத்துக்கும் நான் நேரில்தான் வந்தேன். உன் வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. மத்தியானம் வரை வாசலில் காத்திருந்துவிட்டு, வேறு வழியில்லாமல் தட்டை மலைச்சாமியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அவன் உன்னிடம் சேதியை மட்டும் சொன்னானா, நான் காத்திருந்ததையும் சொன்னானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உசிலம்பட்டி ரோட்டில் அதைச் சொல்வதற்கு நீ இடம் கொடுக்கவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

உன் வீட்டில் விளக்கு நின்று எரியட்டும், உன் முழங்கால் மாடிப்படி ஏறட்டும், உன் பேரன்மார் பரீட்சையில் தேறட்டும். உன் மருமகளுக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல். என் கட்டைவிரலை இதன் கீழே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மச்சான் மொக்கையன் (இடது கைப் பெருவிரல்)

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது போன் அடித்தது. பெண் குரல். “மொக்கையன் ஐயாவா? நான் ஸ்யாமளா டீச்சர் பேசுறேன்” என்றது. இனிமேலும் ஏமாறுவேனா? மூச்சு விடவில்லை. “ஐயா, கேக்குதா?” என்றது. ஒன்றை அழுத்தினேன். “ஏங்கய்யா பொத்தானை அமுக்குறீங்க?” என்றது. இன்னொரு தடவை நன்றாக அழுத்தினேன். சரண்யாதேவிதான் போனைப் பிடுங்கிப் பேசினாள். நிஜ டீச்சரேதானாம். ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போது செல்லத்தாய் கொடுத்திருந்த பிறப்புச் சான்றிதழ் நகல் பள்ளிக்கூடத்துப் பீரோவிலேயே கிடைத்துவிட்டதாம். அதில் ஒன்பதாம் மாதம் நான்காம் தேதி. ஆதாரில் யாரோ மாதத்தையும் தேதியையும் இடம் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். டீச்சர் காலண்டரில் பார்த்தாராம், வெள்ளிக்கிழமைதானாம். பட்டியலைத் திருத்தியாகிவிட்டது. ஆகவே சாட்சி வேண்டாம், நீ பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டாம், மேலே எழுதியதில் முக்கால்வாசி இனி தேவையில்லை. அடித்துவிடு என்றேன், அசிங்கமாக இருக்கும் என்கிறாள் சரண்யாதேவி.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை நான் வருவது வருவதுதான். வெற்றிலை வாங்கியாகிவிட்டது. தட்டில் வெற்றிலைக்கு அடியில் அந்தப் பச்சைக் கரைத் துண்டு இருக்கும், மீனா துவைத்து மடித்து வைத்திருக்கிறாள். எந்த விசேஷத்துக்கு அழைப்பு என்று வாசலில் நிற்கவைத்துக் கேட்காதே, எனக்கே இன்னும் தெரியாது. அன்றைக்கு வேனுக்கு வெளியே நின்றவர்களை இப்போது எண்ணிப் பார்த்தேன். பீமாராவ் வைகையில் தண்ணீர் வராத வருசம் போனார். மலைச்சாமி ஊரடங்குப் போட்ட வருசம் போனான். உன் அக்கா போன வருசம் உனக்கே தெரியும். நான் சொல்வதைக் கேட்டு ‘ஆமா மச்சான், அப்பிடித்தான்’ என்று திருப்பிப் பதில் சொல்ல, உசிரோடு மிச்சம் இருப்பது ஒரே ஒரு ஆள். விருமாண்டி.